ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்: பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒரே திரையில் நியாயமா காட்டுறது எப்படி?

தக்கலைப் புள்ளி:
வணக்கம் மக்களே. வர்ற ஞாயிறு மார்த்தாண்டத்துல நம்ம கேம் குழு கூடுது, 14 பேர். 1990-ல தொடங்கின மங்கி ஐலண்ட் கணினி ஆட்டத் தொடர்ல 2022-ல வந்த ரிட்டர்ன் டு மங்கி ஐலண்டோட ஓவியத்தைப் பத்தி மூணு வாரமா வாட்ஸ்அப்ல ஓயாத சண்டை. ஒரு கட்சி "கத்தரிச்சு ஒட்டின காகிதப் பொம்மை"ங்குது. இன்னொரு கட்சி "பிக்சல் பிக்சல்னு அழுறது வெறும் பழைய நினைப்பு"ங்குது. 1990 முதல் ஆட்டம், அதையே புதுசா வரைஞ்ச 2009 ஸ்பெஷல் எடிஷன், 2022 மூணுலயும் ஒரே இடத்தைப் படம் எடுத்து 1920 x 1080 புரொஜெக்டர்ல பக்கத்துல பக்கத்துல காட்டலாம்னு திட்டம். ஆனா யூடியூப்ல இருந்து எடுத்த பழைய படத்துல ஆட்டத்தோட நாயகன் கைபிரஷ் குள்ளமா, தடியா தெரியுறான். இப்படியே காட்டினா பழைய கட்சி என்னை வச்சுச் செஞ்சிரும். எதை வச்சு எடுக்கணும், எந்த இடத்தை எடுக்கணும்?

முட்டம் கலங்கரை:
குள்ளமா தெரியுறதுக்குக் காரணம் இருக்கு. அந்த ஆட்டம் 320 x 200-ல வரைஞ்சது. அன்னைக்கு மானிட்டர் 4:3. அதனால ஒவ்வொரு பிக்சலும் சதுரமா நிக்காது, அகலத்தை விட உயரம் 1.2 மடங்கு. வரைஞ்சவங்க அதைப் பார்த்துத்தான் வரைஞ்சாங்க. இன்னைக்குச் சதுரப் பிக்சல் திரையில அப்படியே போட்டா ஆறுல ஒரு பங்கு உயரம் போயிடும். நிலா கூட முட்டையாத்தான் தெரியும்.

பழைய ஆட்டத்தை இன்னைக்குள்ள கணினியில ஓட்டுற ஸ்கம்விஎம் மென்பொருளைப் போடுங்க, இலவசம். ஆட்டத்தோட அமைப்புல கிராஃபிக்ஸ் பக்கம் போய் ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன் டிக் பண்ணுங்க. எச்கியூ மாதிரி வழவழன்னு ஆக்குற ஸ்கேலர் எதையும் தொடாதீங்க, மூக்கு கண்ணு எல்லாம் மெழுகா உருகிரும்.

அடுத்த வம்பு 1080. 4:3-ன்னா 1440 x 1080 இடம் கிடைக்கும். 320-ஐ 1440 ஆக்கினா 4.5 மடங்கு, 200-ஐ 1080 ஆக்கினா 5.4 மடங்கு. முழு எண் இல்ல. ஒரு பிக்சல் 4 புள்ளி அகலம், பக்கத்துல உள்ளது 5 புள்ளி. செங்கல் சுவர், படிக்கட்டு எல்லாம் கோணல்மாணலா வரும். அசையாத படம்தானே, அதை எடுக்கும்போது அந்த டிக்கை எடுத்துட்டு, படம் திருத்துற மென்பொருள் ஜிம்ப்ல பண்ணிடலாம்: மூலப் படம் 320 x 200, பிஎன்ஜி. முதல்ல இன்டர்பொலேஷன் (பக்கத்துப் புள்ளி நிறத்தைக் கலக்குறது) இல்லாம 1600 x 1200-க்குப் பெருக்குங்க. அகலம் 5 மடங்கு, உயரம் 6 மடங்கு, கணக்கு சுத்தமா வரும். பொறவு அதைக் க்யூபிக் வச்சு 1440 x 1080-க்குச் சுருக்குங்க. மூணையும் பக்கத்துல வைக்கணும்னா அங்கிருந்து இன்னும் சுருக்கிக்கலாம். ஜேபெக்ல மட்டும் சேமிக்காதீங்க. வாட்ஸ்அப் வழியா படமா அனுப்பவும் வேண்டாம், பென் டிரைவ்ல கொண்டு போங்க.

இன்னொண்ணு. "பழைய மானிட்டர் மாதிரி"ன்னு கறுப்புக் கோடு விழுற ஃபில்டரைப் போட்டுக் காட்டுறவங்க இருக்காங்க. 256 நிற விஜிஏ கிராஃபிக்ஸ் கார்டுக்கு வரைஞ்ச படத்துக்கு அது தப்பு. விஜிஏ ஒவ்வொரு வரியையும் ரெண்டு தடவை வரைஞ்சு 400 வரியாக்கித்தான் மானிட்டருக்கு அனுப்பும், நடுவுல இடைவெளி தெரியாது. அதுக்கு முந்தின 16 நிற ஈஜிஏ கார்டு படத்துக்குப் போட்டா சரி.

வடசேரி ராக்கோழி:
இடத்துக்கு என் ஓட்டு மெலே தீவோட லுக்அவுட். முதல் ஆட்டம் ஆரம்பிக்கிறதே அங்கதான்: மலை விளிம்பு, தீ, கண்ணு சரியா தெரியாத கிழவர். அதே இடம் மூணுலயும் இருக்கு. 2009 பதிப்பை வச்சிருந்தா வேலை சுலபம்: எஃப்10 அழுத்தினா அதே நொடியில பழைய படம், திரும்ப அழுத்தினா புதுசு. ஆனா அந்தப் 'பழசு' 256 நிறப் படம். 1990-ல முதல்ல வந்த 16 நிறப் படம் கேட்டா அது வேற கோப்பு.

அந்த 16 நிறத்தைக் கண்டிப்பா காட்டுங்க. ஓவியர் மார்க் ஃபெராரி கைவண்ணம் அதுல இருக்கு. இருக்குற நிறத்தையே புள்ளி விட்டுப் புள்ளி கலந்து, இல்லாத நீலத்தைக் கண்ணுக்குக் காட்டுறது. நம்ம பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியப் பாணியும் மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளைன்னு அஞ்சே நிறத்துல நிக்குது. நிறம் குறைஞ்சா கை தேறும்.

பழைய பாணின்னு ஒண்ணு இருக்குங்கிறதுதான் எனக்குப் புரியல. 1990-ல புள்ளி. 1991-ல ரெண்டாவது ஆட்டத்துக்குக் காகிதத்துல வரைஞ்சு ஸ்கேன் பண்ணினாங்க, ஓவியர்கள் பீட்டர் சான், ஸ்டீவ் பர்செல் எல்லாம் அதுல உண்டு. 1997-ல 640 x 480 கார்ட்டூன், அதுல தொடரை உருவாக்கின ரான் கில்பர்ட்டே கிடையாது. 2000-ல முப்பரிமாணம். 2009-ல டெல்டேல் நிறுவனம் பண்ணினது, அதுவும் முப்பரிமாணம். ஒவ்வொரு தடவையும் சட்டை மாத்தின ஆளை ஆறாவது தடவை மட்டும் பிடிச்சுக் கேள்வி கேட்டா எப்படி? "பழசுல முகம் நிஜ ஆள் மாதிரி இருந்துச்சு"ன்னு சொல்றவங்க மனசுல இருக்குறது விஜிஏ பதிப்போட குளோஸ்-அப். ஸ்கம் பார்ங்கிற மதுக்கடையில காப்ங்கிற கடற்கொள்ளைக்காரன்கிட்டப் பேசும்போது திரை நிறைய வருமே, அது. நடந்து திரியுற கைபிரஷுக்கு மூக்கே ரெண்டு பிக்சல்தான்.

குழித்துறை ஆத்தங்கரை:
சட்டைக் கதை சரி, ஆனா பாதியை விட்டுட்டீங்க. 2013-ல கில்பர்ட்டே தன் வலைப்பக்கத்துல, இன்னொரு மங்கி ஐலண்ட் பண்ணினா முதல் ரெண்டு மாதிரி பழைய பாணியில, மெருகேத்தின குறைந்த தெளிவுல பண்ணுவேன்னு எழுதினார். 2017-ல திம்பிள்வீட் பார்க்ங்கிற வேற ஆட்டத்தைப் பிக்சல்லயே பண்ணினார். அது போக, ரிட்டர்ன் கதை 1991 ஆட்டம் முடிஞ்ச அதே நொடியில தொடங்குது. கதை விட்ட இடத்துல தொட, படம் மட்டும் தொடல. 31 வருஷம் காத்திருந்தவனுக்கு உறுத்தத்தான் செய்யும். அந்த உறுத்தலை வெறும் பழைய நினைப்புன்னு தள்ளுறது அநியாயம். அதுக்காக 2022 ஜூன் டிரெய்லருக்குப் பொறவு ஆளையே திட்டி, அவர் வலைப்பக்கத்துல கருத்துப் பகுதியை மூடுற வரைக்கும் கொண்டு போனது சுத்தத் தெம்மாடித்தனம். அதையும் சொல்லணும்.

படத்தை மட்டும் பேசுவோம். ரிட்டர்ன்ல கலை இயக்குநர் ரெக்ஸ் க்ரோல் பாணியில வந்த பின்னணி அருமை. கூரை, ஜன்னல், விளக்குக் கம்பம் எதுவும் நேரா நிக்காது, ஆனா எல்லாம் ஒரே கோணல்ல சாயும். வெளிச்சத்துல சொரசொரப்பு இருக்கு. அதுக்கு முன்னால வர்ற ஆள்களைப் பாருங்க: தட்டையான நிறம், கூர்மூக்கு, துண்டு துண்டா அசையுற கை கால். தோல்பாவைக்கூத்துல பாவைக்கு ஒரு பக்க முகம், தனித்தனியா அசையுற மூட்டு. ஏன் நிஜ ஆள் மாதிரி இல்லன்னு யாரும் கேக்கறதில்ல, ஏன்னா மரம், மாளிகை, ராமன் எல்லாமே அதே தோல், பின்னால அதே விளக்கு. இங்க சுவருக்கு ஒரு விளக்கு, ஆளுக்கு இன்னொண்ணு. "காகிதப் பொம்மை"ங்கிற கட்சிக்கு உண்மையில உறுத்துறது இதுதான். அவங்களுக்கே அதைச் சொல்லத் தெரியாம பிக்சல் வேணும்னு கத்துறாங்க.

தக்கலை, இதை ஞாயித்துக்கிழமை காட்ட ஒரு வழி: லுக்அவுட் படத்துல கிழவரை மட்டும் வெட்டி எடுத்துட்டு பின்னணியைத் தனியா காட்டுங்க. பொறவு ஆளோட காட்டுங்க. 16 நிறப் படத்தையும் சேர்த்து நாலு படத்துக்கும் இதையே செய்யுங்க. எதுல ஆள் ஒட்டாம நிக்குதுன்னு கண்ணுக்கே தெரியும்.

வடசேரி ராக்கோழி:
ஆள்-சுவர் விஷயம் ஒத்துக்கிறேன். ஆனா அசையாத படத்துல அது கூடுதலா தெரியும், நடக்கும்போது அவ்வளவு தெரியாது. அதனால பத்துப் பத்து வினாடி ஓட்டியும் காட்டணும், இல்லாட்டா புதுசுக்கு அநியாயம். நிண்டெண்டோவோட செல்டா ஆட்டத்தொடர் கதை ஞாபகம் இருக்கா? 2000-ல நிஜ ஆள் மாதிரி ஒரு டெமோ காட்டி, 2001-ல விண்ட் வேக்கரோட கார்ட்டூன் முகத்தைக் காட்டினப்போ அத்தனை திட்டு. ஆட்டம் கைக்கு வந்து ஆடிப் பார்த்த பொறவு பல பேர் மனசு மாறினாங்க.

தக்கலைப் புள்ளி:
ஜிம்ப் வழி வேலை செஞ்சுது, நிலா வட்டமாயிடுச்சு. வெட்டிக் காட்டுறதும் செய்றேன், ஓட்டியும் காட்டுறேன். ஒரு சிக்கல்: புரொஜெக்டர்ல லுக்அவுட் ராத்திரி முழுசும் சாம்பல் பூத்துக் கெடக்கு. லேப்டாப்ல நல்ல கறுப்பு. எல்லாப் படமும் அப்படித்தான்.

முட்டம் கலங்கரை:
எல்லாமே அப்படின்னா படத்துல குத்தம் இல்ல, எச்டிஎம்ஐ ரேஞ்ச் ஒத்துப்போகல. லேப்டாப் கறுப்பை 16, வெள்ளையை 235-ன்னு அனுப்புது, புரொஜெக்டர் கறுப்பு 0, வெள்ளை 255-ன்னு எதிர்பார்க்குது, அதான் 16 சாம்பலாத் தெரியுது. கிராஃபிக்ஸ் கார்டு அமைப்புல அவுட்புட் ரேஞ்சை ஃபுல் ஆக்குங்க. புரொஜெக்டர் மெனுவுலயும் ஆட்டோவை விட்டுட்டு ஃபுல் வைங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்தினா அடுத்து இருட்டுல கிழவரே காணாமப் போவாரு. அதுக்கும் மேல சாம்பலா இருந்தா ஜன்னல்தான் காரணம், போர்வை கட்டுங்க.