பாண்டியன் செத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா?

சத்துவாச்சாரி சங்கு:
போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பக்கம் ஒரு பட்டிமன்றம். பேச வந்தவர் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனைப் போல ஒரு நீதிமான் உலகத்திலேயே கிடையாது, தப்பு தெரிந்ததும் ‘யானே கள்வன்’ என்று உயிரை விட்டான், இன்றைக்கு ஒரு கவுன்சிலர் விடுவாரா என்று கேட்டார். கைதட்டல் ஓயவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராணி கோபித்துக்கொண்டு தலைவலி என்று எழுந்து போய்விட்டாள், அவளைச் சமாதானப்படுத்த ஓடுகிற ஓட்டத்தில் ஒரு உத்தரவு, அதில் ஒருத்தன் தலை போயிற்று. அப்புறம் செத்தால் என்ன, சாகாவிட்டால் என்ன?

வாலாஜா வாத்தியார்:
தம்பி, மூலத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள். கொலைக்களக் காதை. ‘கன்றிய கள்வன் கையது ஆகில்’ என்கிறான். ஆகில். அதாவது சிலம்பு அவன் கையில் இருந்தால். நிபந்தனை போட்ட உத்தரவு இது. முப்பத்தொரு வருஷம் தமிழ் நடத்தியவன் சொல்கிறேன், இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பாண்டியனைத் திட்டுகிறவர்கள்தான் ஊரில் அதிகம். குற்றம் முழுக்க அந்தப் பொற்கொல்லனுடையது.

பஜார் பத்தர்:
வந்துவிட்டீர்களா சார். எங்கே சுற்றினாலும் கடைசியில் எங்கள் நகைப் பட்டறை வாசலில்தான் வந்து நிற்பீர்கள் என்று தெரியும். லாங்கு பஜார் பக்கம் மூன்று தலைமுறையாக ஊதுகுழல் பிடிக்கிற குடும்பம், அதனால் நானும் கொஞ்சம் சொல்கிறேன். அந்தக் காப்பியத்துப் பொற்கொல்லன் திருடன்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உங்கள் ‘ஆகில்’ இருக்கிறதே, அதை ராஜா யார் கையில் கொடுத்தான்? காவலனுக்கு ராணியின் சிலம்பு எது என்று தெரியுமா? அதைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் புகார் கொடுத்தவனே. திருடனையே சாட்சியாகவும் மதிப்பீட்டாளராகவும் அனுப்பிவிட்டு ‘இருந்தால்’ என்று சொன்னால் அது நிபந்தனையா?

வாலாஜா வாத்தியார்:
‘ஆகில்’ என்று இருக்கிறதா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பஜார் பத்தர்:
இருக்கிறது சார். பக்கத்திலேயே ‘கொன்று’ என்றும் இருக்கிறது. ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’. முதலில் ஆள், அப்புறம் நகை. எங்கள் தொழிலில் ஒரு கொலுசு கைக்கு வந்தால் என்ன செய்வோம்? முதலில் காதருகே வைத்துக் குலுக்குவோம். உள்ளே என்ன பரல் கிடக்கிறது என்று ஓரளவு சத்தத்திலேயே பிடிபடும், சந்தேகம் இருந்தால் ஒரு பற்றவைப்பை நெகிழ்த்திப் பார்ப்போம், எல்லாம் சேர்ந்து ஒரு டீ குடிக்கிற நேரம். ராணியுடையது முத்துப் பரல், கண்ணகியுடையது மாணிக்கம். அந்தப் பெண் வந்து தரையில் போட்டு உடைத்ததும் மணி தெறித்து ராஜா வாயிலேயே பட்டது. அவள் சபையில் செய்ததை அவன் ஒரு நாள் முன்னால் செய்திருந்தால் கோவலன் தான் தங்கியிருந்த மாதரி வீட்டுக்குச் சாப்பிடத் திரும்பியிருப்பான்.

குடியாத்தம் தறி:
பழைய உரையில் இதற்குச் சமாதானம் உண்டு. ‘கொல்ல’ என்று சொல்ல நினைத்தவன், வினை விளைகிற நேரம் என்பதால் வாய் தவறி ‘கொன்று’ என்று சொல்லிவிட்டானாம்.

பஜார் பத்தர்:
வாய் தவறினால் போவது அடுத்தவன் தலை, பழி ஊழ்வினைக்கு. நல்ல ஏற்பாடு. என் தம்பி பற்றவைக்கும்போது கை தவறி ஒரு கல்லை உடைத்தால் வாடிக்கையாளரிடம் ஊழ் என்று சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி சங்கு:
பத்தர் ஐயா சொல்வதுதான் சரி. நம் வேலூர்க் கோட்டைக்கு ராஜா இல்லை என்பதற்காக வாத்தியார் மதுரை ராஜாவுக்கு வக்கீலாகப் போய்விட்டார்.

வாலாஜா வாத்தியார்:
கேலி வேண்டாம். போன மாதம் கர்ணன் பற்றிய பேச்சிலும் இப்படித்தான், பதில் இல்லாமல் கிண்டல் செய்துவிட்டு நடுவில் காணாமல் போனீர்கள். பாண்டியன் தவறு செய்யவில்லை என்று நான் சொல்லவே இல்லை. தவறு தெரிந்த நொடியில் ‘கெடுக என் ஆயுள்’ என்றான். சாக்குச் சொல்லவில்லை, பொற்கொல்லனைக் காட்டித் தப்பிக்கவில்லை.

பஜார் பத்தர்:
முதலில் சொன்னாரே! கண்ணகி வந்து கேட்டதும் முதல் பதில் என்ன? கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல, அதுதான் அரச நீதி என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். சிலம்பு உடைந்த பிறகுதான் குடை சாய்ந்தது.

காட்பாடி மேம்பாலம்:
பத்தரே, சேதாரம் பன்னிரண்டு சதவீதம் போடுகிறவர்கள் நீதி பேசுவதைக் கேட்கச் சிரிப்பு வருகிறது. என் தங்கை கல்யாணத்துக்கு ஒரு கடையில் ஆரம் வாங்கினோம், கல் எடையையும் தங்க விலையில் சேர்த்துப் போட்டிருந்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரிகிறது. அந்த மதுரைக்காரனுக்கு நீங்கள் பங்காளிதான்.

பஜார் பத்தர்:
அது கடைக்காரர் கணக்கு, பட்டறை கூலிக்கு வேலை செய்கிற இடம். ரெண்டும் ஒன்றில்லை என்று எத்தனை தடவை சொல்வது. சரி, இந்தப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பாண்டியன் செத்த பிறகு கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற் செழியன் என்ன செய்தான்? பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலி கொடுத்தான். ஆயிரம். ஒருத்தன் திருடினான், ஆயிரம் தலை. உங்கள் பட்டிமன்றக்காரர் யாராவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் பாட்டு நடத்தும்போது வாத்தியார் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார், பசங்கள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எட்டாம் வகுப்பு. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஆயிரம் பேருக்கு எந்த ‘ஆகில்’ சார்?

வாலாஜா வாத்தியார்:
அது வேறு அரசன், வேறு செய்தி. தலைப்பை மாற்றாதீர்கள். எங்கள் ஊர் மு.வ. கண்ணகிக்கு ஒரு புத்தகம், மாதவிக்கு ஒரு புத்தகம் என்று தனித்தனியாக எழுதினார். அதையெல்லாம் படித்துவிட்டு வாருங்கள்.

திருப்பத்தூர் சந்தனம்:
ஒரு நிமிடம். ‘எங்கள் ஊர்’ என்றால் எந்த ஊர்? மு.வ. படித்தது திருப்பத்தூர், தாலுகா ஆபீசில் எழுத்தர் வேலை பார்த்தது திருப்பத்தூர், பள்ளியில் தமிழ் நடத்தியதும் திருப்பத்தூர்.

வாலாஜா வாத்தியார்:
வேலம் எங்கே இருக்கிறது? வாலாஜா பக்கம். அவருடைய பூர்வீகம் அது. பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

திருப்பத்தூர் சந்தனம்:
2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோதே நினைத்தேன், ராணிப்பேட்டைக்காரர்கள் ஒருநாள் இதற்கு வருவார்கள் என்று.

குடியாத்தம் தறி:
ரெண்டு பேரும் சும்மா இருங்கள். அப்போது எல்லாம் ஒரே வட ஆர்க்காடு. எனக்கு ஒரு சந்தேகம், அந்தக் காவலர்களைப் பற்றி யாருமே பேசவில்லையே? ஒருத்தன் இவனைப் பார்த்தால் கொலைப்படுகிற ஆள் மாதிரி இல்லை என்று சொல்கிறான். அப்படித் தோன்றியவன் ஏன் திரும்பிப் போய் ராஜாவிடம் சொல்லவில்லை?

பஜார் பத்தர்:
நல்ல கேள்வி. அதற்குத்தானே பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே திருட்டு சாஸ்திரம் நடத்துகிறான், மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று எட்டுக் கணக்கு. அவர்கள் மண்டை குழம்பி நிற்கும்போது குடித்திருந்த ஒருத்தன் வாளை வீசிவிட்டான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் என்னவோ செய்யும். யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது, நடுவில் ஒரு குடிகாரன் கை. கோவலனுக்கோ இவர்கள் சிலம்பு பார்க்க வந்தவர்கள் என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது.

வாலாஜா வாத்தியார்:
குடிகாரன் வெட்டினான் என்று நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். பாண்டியன் வெட்டவில்லை. ஆகில்.

பஜார் பத்தர்:
சார்!!! நான் எங்கே ஒத்துக்கொண்டேன்?

காட்பாடி மேம்பாலம்:
கல் எடைக்குப் பதில் இன்னும் வரவில்லை.

சத்துவாச்சாரி சங்கு:
மதுரையே எரிந்ததே, அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா? கண்ணகி செய்தது மட்டும் நியாயமா?

வாலாஜா வாத்தியார்:
அதைத் தனியாக வைத்துக்கொள்வோம். முதலில் ‘ஆகில்’ முடியட்டும்.

திருப்பத்தூர் சந்தனம்:
முதலில் வேலம் முடியட்டும்.

பஜார் பத்தர்:
இங்கே கரண்ட் போய்விட்டது, போனில் ஆறு சதவீதம்தான் இருக்கிறது. வாத்தியாரே, காலையில் பட்டறைக்கு வாருங்கள், ரெண்டு கொலுசு தருகிறேன், குலுக்கிப் பார்த்து எது யாருடையது என்று சொல்லுங்கள்.

வாலாஜா வாத்தியார்:
நான் ஏன் வர வேண்டும்? நூலில் இருக்கிறது.