அடர்சிவப்பில் ஒளிரும் சாயங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

யூவி விளக்கடியில் எங்கள் சாயத்தை டொலுயீன் என்ற கரிமக் கரைப்பானில் கரைத்தால் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் ஒளிரும். அதே சாயத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோனால் அணைந்துவிடும். டிரைஃபீனைல்அமீனை எலக்ட்ரான் கொடையாளியாகவும் பென்சோதயாடயசோலை அதை வாங்கும் ஏற்பியாகவும் வைத்து நாங்கள் செய்த பல மூலக்கூறுகளுக்கும் இதே கதிதான்.

சிவப்பாக்குவது பெரிய வேலையில்லை. கொடையையும் ஏற்பையும் வலுவாக்கினால் மூலக்கூறின் கிளர்வு நிலைக்கும் அடிநிலைக்கும் இடையேயான ஆற்றல் இடைவெளி சுருங்கி, ஒளிர்வு 650 நானோமீட்டரைத் தாண்டிவிடும். ஹீமோகுளோபின் அவ்வளவாக விழுங்காத பகுதி அது, திசுவுக்குள் பார்க்க வசதி. ஆனால் இடைவெளி சுருங்கச் சுருங்க, ஒளியாக வரவேண்டிய ஆற்றல் அதிர்வில் வெப்பமாகப் போய்விடுகிறது. போதாததற்கு, தட்டையான சாயமாக இருந்தால் தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு அணையும்.

எங்களுக்குக் கைகொடுத்தது, ஹாங்காங்கில் பென் ஜோங் டாங் குழு 2001-இல் காட்டிய வழி. சுழலக்கூடிய ஃபீனைல் வளையங்களைச் சேர்த்துவிட்டால், தனியாக மங்கிக் கிடக்கும் மூலக்கூறு திரளும்போது பளிச்சென்று ஒளிரும். அதை டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, புளூரானிக் எஃப்-127 என்ற பாலிமர் சோப்பு கலந்த தண்ணீரில் வேகமாக ஊற்றிக் கரைப்பானை விரட்டினால் நானோதுகள் தயார். டொலுயீனில் அளந்த குவாண்டம் ஈட்டத்தை (விழுங்கிய ஒளியில் எவ்வளவு திரும்ப ஒளிர்கிறது என்ற அளவை) மட்டும் போட்டுவிட்டு ‘உயிரிப் படமாக்கலுக்கு ஏற்றது’ என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

——

நான் நுண்ணோக்கிப் பக்கம், சாயம் செய்யத் தெரியாது. அன்றாடம் கையாள்வது சிலிக்கான் ரோடமின் என்ற அடர்சிவப்புச் சாயம். பழைய ஒளிர்சாயமான ரோடமினில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் சிலிக்கானை வைத்தால் நிறம் ஏறக்குறைய 100 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகர்கிறது. கை ஜான்சன் குழு 2013-இல் இதை உயிருள்ள செல்களுக்குக் கொண்டுவந்தது. மூலக்கூறில் உள்ள ஒரு வளையம் மூடியிருக்கும்போது ஒளிராமல் செல்லுக்குள் நுழையும், இலக்கில் ஒட்டியதும் திறந்து ஒளிரும். அதனால் கழுவாமலே படமெடுக்கலாம்.

செல்லின் நுண்குழாய்களை ஆக்கும் டியூபுலின் புரதத்துக்கான வகையில் மட்டும் கவனம் தேவை. அதில் சாயத்தை இலக்குக்குச் சுமந்து செல்வது டோசிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தின் ஒரு வடிவம். படம் பளிச்சென்று வரட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் செல் பிரிதல் பாதியிலேயே நின்றுவிடும். எங்களிடம் வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ‘இன்னும் கொஞ்சம் போடலாமா?’ என்றுதான்!

——

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது மாணவர்கள் நுண்ணோக்கியின் ஐபீஸில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, சாயம் ஏறவில்லை என்று டிஷ்ஷைக் கொட்டப் போவார்கள். 670 நானோமீட்டரில் நம் கண்ணுக்கு உணர்திறன் மிகக் குறைவு, கேமராவுக்கு நன்றாகவே தெரியும். கொட்டும் முன் கேமராவைப் போட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.