அமெரிக்க மல்யுத்த நிகழ்ச்சி 'ரோ'வின்ர 1999 ஜனவரி 4 பகுதிக்கு விமர்சனம்: எங்க தொடங்கிறது?

கிளிநொச்சிக் காளை:
மல்யுத்த வீரர் ரொக்கை மன்கைண்ட் எண்ட வீரர் வெண்டு பட்டம் எடுத்த பகுதி. ஒவ்வொரு சண்டைக்கும் நட்சத்திரம் போட்டால் காணுமோ, அண்ணையாக்கள்?

மாங்குளம் மணி:
காணாது தம்பி. வாராந்த நிகழ்ச்சியில சண்டை பாதி, கதை பாதி. முதல்ல ஒருக்கா நிப்பாட்டாமல் பாருங்கோ. இரண்டாம் தரம் பாக்கேக்க, மணி அடிக்கிற நேரம், குறுக்க வாறவை, முடிவு எண்டு குறியுங்கோ. மன்கைண்டுக்கு அந்தச் சண்டை எப்பிடிக் கிடைச்சது? முதலாளியின்ர மகன் ஷேன் மக்மானைப் பிடிச்சுத் தோளை முறிப்பன் எண்டு வெருட்டித்தான். அதை விட்டால் முடிவின்ர பெறுமதி விளங்காது. வீரர் ஒஸ்ரின் வாறதுக்கு அடையாளமான கண்ணாடி உடையிற சத்தம், சனத்தின்ர இரைச்சல், பிறகு ரொக்குக்கு ஒஸ்ரினின்ர கதிரை அடி: இந்த ஒழுங்கைக் கட்டாயம் எழுதுங்கோ. அந்த இரைச்சலுக்கு நான் ஐஞ்சு நட்சத்திரமும் குடுப்பன், சண்டைக்கு மூண்டுதான்.

முல்லை ரெஸ்லிங்:
இது நேரடி ஒளிபரப்பில்லை. 1998 டிசம்பர் 29 அமெரிக்காவின்ர வூஸ்ரர் நகரத்தில பதிஞ்சது. அதாலதான் அதே நேரம் போன எதிர்க் கொம்பனியின்ர மல்யுத்த நிகழ்ச்சி 'நைட்ரோ'வில முடிவை முன்கூட்டியே சொல்லிப்போட்டினம். சொன்னதும் சனம் 'ரோ'வுக்கு மாறிச்சு! அண்டைக்குப் பாத்த சனத்தைக் காட்டிற ரேற்றிங் 'ரோ'வுக்கு 5.7, 'நைட்ரோ'வுக்கு 5.0. 'நைட்ரோ'வின்ர பட்டச் சண்டையில வீரர் ஹோகன் விரலால தொட எதிராளி நாஷ் விழுந்ததையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

மாங்குளம் மணி:
ஓம். வெட்டிச் சுருக்கின கொப்பியை வைச்சு வேகத்தைப் பற்றி எழுதாதேங்கோ. நடுவில பேச்சுகள் போயிருந்தால் எல்லாம் அவசரமாத் தெரியும்.