மலேசியக் குடியுரிமை உள்ளவருக்குச் சென்னையில் ஓட்டுநர் உரிமம்: முகவரிச் சான்று குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மலேசியக் குடியுரிமை உள்ள என் மனைவி, திருமணத்திற்குப் பின் என்னுடன் வேளச்சேரியில் வசிக்கிறார். அவருடைய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டுக்கே செல்லுபடியாகும். அது விரைவில் முடிவதால் இங்கேயே உரிமம் எடுக்க விரும்புகிறோம். என் தாயாரைப் பிசியோதெரபிக்குக் காரில் அழைத்துச் செல்பவர் அவரே என்பதால், இடையில் ஓட்ட முடியாமல் போய்விடக் கூடாது என்பதே என் பெருங்கவலை.

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) பெற்று 30 நாள்கள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும் என்பது தெரியும். சிக்கல் முகவரிச் சான்றில்தான்: வாடகை ஒப்பந்தம் என் பெயரிலும், மின்கட்டண ரசீது வீட்டு உரிமையாளர் பெயரிலும் இருக்க, என் மனைவி பெயரில் உள்ளது வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் வழங்கிய வசிப்பு அனுமதி மட்டுமே. அதை மட்டும், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் சாரதி இணையதளத்தில் பதிவேற்றி, சென்னையில் எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலாவது உரிமம் பெற்றவர்கள் இருந்தால், உடன் கேட்கப்பட்ட ஆவணங்களையும் சேர்த்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.