ஸ்கூலில் ஏ, என்.எம்.எம்.எஸ். மாதிரித் தேர்வில் 68: இதில் எதை நம்புவது?

மண்டிக்கணக்கு, வேலந்தாவளம்

எல்லோருக்கும் வணக்கம். கேரளத்தில் பாலக்காடு பக்கம் வேலந்தாவளம் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மகள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு எய்டட் ஸ்கூலில் தமிழ் மீடியம், எட்டாம் வகுப்பு. ஓணப் பரீட்சையில் தமிழுக்கு ஏ பிளஸ், மற்றதுக்கெல்லாம் ஏ. கணக்கிலும் ஏதான். படிப்பு விஷயத்தில் அவளை இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்ல வேண்டி வந்ததும் இல்லை.

போன வாரம் ஸ்கூலில் என்.எம்.எம்.எஸ். (எட்டாம் வகுப்பில் எழுதும் மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு) மாதிரித் தேர்வு வைத்தார்கள். நிஜத் தேர்வு போலவே மனத்திறன் 90 கேள்வி, பாடக் கேள்வி 90, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். 180-க்கு 68 வாங்கி வந்தாள். பாஸாக 40 சதவீதம், அதாவது 72 வேண்டுமாம்.

அன்றையிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "ஸ்கூல்ல மார்க்கை அள்ளிப் போட்டிருக்காங்க, இப்பதான் வெளுத்திருக்கு" என்கிறாள் மனைவி. பொள்ளாச்சியில் இருக்கும் மச்சானோ, "கேரளாவுல எல்லாரையும் பாஸ் போட்டுடுவாங்க மாமா, அதான் இப்படி" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். போட்டதோடு நிற்காமல் தடியாக ஒரு என்.எம்.எம்.எஸ். கைடும் வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டார். புள்ள முகம் சுண்டிக் கிடக்கிறது.

நான் கேட்பது இதுதான். ஒரே புள்ள, ஒரே கணக்கு. ஓரிடத்தில் ஏ, இன்னோரிடத்தில் ஃபெயில். எது உண்மை மார்க்? பொள்ளாச்சி கைடைப் படிக்க வைக்கலாமா? தேர்வு தமிழில் வருமா, மலையாளத்தில் வருமா?

இன்னொன்றும் உண்டு. 2024 டிசம்பரில் அவள் ஆறாவது படிக்கும்போது இதே மாதிரி வட்டம் கறுப்பாக்கும் தேர்வு ஒன்று எழுதினாள். அதற்கு மார்க்கே வரவில்லை. அதை யாரிடம் கேட்டு வாங்குவது?

ஆனைமலை வாத்தியார்

அண்ணா, நான் தமிழ்நாட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் இருக்கிறேன். கைடு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைப் பாதியாகக் கிழித்துக்கொள்ளுங்கள். மனத்திறன் பகுதி (எண் தொடர், குறியீடு, கண்ணாடி பிம்பம், உறவு முறை இதெல்லாம்) எந்த மாநிலத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதைப் போட்டுப் பார்க்கட்டும். பாடப் பகுதி எங்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து எழுதியது. உங்களுக்கு வருவது கேரளப் புத்தகத்திலிருந்து. அறிவியல் ஓரளவு ஒட்டும். சமூக அறிவியல் ஒட்டவே ஒட்டாது.

கேரளத்தின் பழைய வினாத்தாள்கள் நெட்டில் கிடைக்கின்றன. அவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே ஏழாம் வகுப்புப் புத்தகம் 2024-லும் எட்டாம் வகுப்புப் புத்தகம் 2025-லும் மாறிவிட்டது. பழைய தாளில் இப்போதைய புத்தகத்தில் இல்லாத பாடமும் இருக்கும், பார்த்து எடுங்கள்.

அப்புறம் உங்கள் மச்சான் சொன்னது தலைகீழ். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்துவதில்லை என்பது எங்கள் பக்கத்துக் கதை. கேரளத்தில் 2024-25 முதல் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் வாங்கியே ஆக வேண்டும். வாங்காத பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் தனி வகுப்பு எடுத்து மறுபடி பரீட்சை வைக்கிறார்கள். அவரிடம் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

பீர்மேட்டுத் தாத்தா

ஆறாம் வகுப்பில் எழுதியது பரக் சர்வே. 2024 டிசம்பர் 4-ஆம் தேதி நாடு முழுக்க 3, 6, 9 வகுப்புகளுக்கு வைத்தார்கள். முன்னால் நாஸ் (தேசிய அடைவு ஆய்வு) என்று நடந்ததே, அதன் அடுத்த வடிவம். சில ஸ்கூல்களை மட்டும் பொறுக்கி எடுத்து, அங்கேயும் சில பிள்ளைகளை மட்டும் எழுத வைப்பார்கள். மாநிலம் எப்படி, மாவட்டம் எப்படி என்று பார்ப்பதற்கான தேர்வு அது. தனிப் பிள்ளைக்கு மார்க் கிடையாது, அலைய வேண்டாம். அதில் கேரளம் முன்வரிசையில் வந்தது. அதனால் உங்கள் மகளுக்கோ என் பேரனுக்கோ ஆனது ஒன்றுமில்லை.

எட்டாங்கிளாஸ் டீச்சர், சித்தூர் தாலூக்கா

நான் தமிழ் மீடியத்தில் கணக்கு எடுக்கிறேன். உங்கள் மகள் படிக்கும் ஸ்கூல் இல்லை, பயப்படாதீர்கள்.

68 என்ற மொத்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்திருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். மனத்திறனில் எவ்வளவு, பாடத்தில் எவ்வளவு? எத்தனை கேள்வியைத் தொடாமல் விட்டாள், விட்டது நடுநடுவிலா, கடைசியிலா? கணக்கில் 20-க்கு எத்தனை? அவள் போட்டுப் பார்த்த ரஃப் தாள் இருந்தால் அது இன்னும் நல்லது.

மண்டிக்கணக்கு, வேலந்தாவளம்

டீச்சர், தாள் கையில் இருக்கிறது. மண்டிச் சிட்டை மாதிரி பிரித்து எழுதிவிட்டேன்.

மனத்திறன் 27. முதல் 40 கேள்வியில் 22 சரி. அடுத்த 19-ல் 5 சரி. கடைசி 31 தொடவே இல்லை, வட்டங்கள் அப்படியே வெள்ளையாக இருக்கின்றன. பாடத்தில் எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறாள். அறிவியல் 35-க்கு 19, சமூக அறிவியல் 35-க்கு 17, கணக்கு 20-க்கு 5. ஆக 41.

ரஃப் தாளைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 98 × 102 எவ்வளவு என்று ஒரு கேள்வி. ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டிருக்கிறாள். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, 196, அதற்குக் கீழே ஒரு சுழி வரிசை, அதற்குக் கீழே 98 என்று இடம் தள்ளித் தள்ளிப் போட்டுக் கூட்டி 9996 கொண்டுவந்து, அடியில் இரட்டைக் கோடு இழுத்து "விடை" என்று எழுதியிருக்கிறாள். விடை சரிதான். ஆனால் ஒரு கேள்விக்கு அரைப் பக்கம்! மண்டியில் 98 ரூபாய் மேனிக்கு 102 கிலோ என்றால் நூறு கிலோவுக்கு 9800, மிச்சம் ரெண்டு கிலோவுக்கு 196 என்று எடைத்தட்டு இறங்குவதற்குள் சொல்லிவிடுவோம். ஏம்மா இப்படி என்று கேட்டால், "கோடு போடலன்னா டீச்சர் மார்க் குறைப்பாங்கப்பா" என்கிறாள்.

எட்டாங்கிளாஸ் டீச்சர், சித்தூர் தாலூக்கா

அந்தக் கடைசி வரியைப் படித்து நானே கொஞ்சம் நெளிந்தேன். கோடு போடச் சொல்லி அடம் பிடிக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஸ்கூல் பரீட்சையில் வழிமுறைக்கு மார்க் உண்டு. விடை தப்பினாலும் பாதி மார்க் வரும். அதனால் அங்கே கோடு வேண்டும், நாளைக்கும் போடச் சொல்வேன். வட்டம் நிரப்பும் தேர்வில் வழியை யாரும் பார்க்கப் போவதில்லை.

இனி உங்கள் சிட்டைக்கு வருகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. கண்ணை மூடிக்கொண்டு எல்லா வட்டத்தையும் நிரப்பினால்கூடச் சராசரியாகக் கால்வாசி சரியாக விழும். 180-க்கு 45. ஆகவே 68-ஐச் சுழியிலிருந்து அளக்காதீர்கள், 45-லிருந்து அளக்க வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தால் விஷயம் வேறாகத் தெரியும்.

அறிவியல் 19. குருட்டுக்கு 9 விழும். ஆக அவள் படித்துத்தான் எழுதியிருக்கிறாள். சமூக அறிவியலும் அப்படியே. கணக்கில் 20-க்கு 5 என்பது ஒன்றுமே தெரியாத பிள்ளைக்கும் விழும் மார்க். கவலைப்படுவதென்றால் இதற்குப் படுங்கள்.

மனத்திறனில் கடைசி 31-ஐ விட்டாளே, இந்தத் தேர்வில் தப்புக்கு மைனஸ் மார்க் கிடையாது. கடைசி ஒரு நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தால் ஏழோ எட்டோ கூடியிருக்கும். 68-ம் 7-ம் 75. பாஸ். புதிதாக ஒரு எழுத்தும் படிக்காமல் ஃபெயில் பாஸாகியிருக்கும். அந்த 72-க்கு வீட்டில் இவ்வளவு சண்டை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சரி, 72 வந்துவிட்டால் உடனே பணம் என்றும் இல்லை. மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, மார்க் வரிசையில்தான் எடுப்பார்கள். 72 வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான்.

ஏ மார்க் பொய்யா என்றால், பொய் இல்லை. 100-ல் 80 எழுத்துத் தேர்வு, 20 சி.இ., அதாவது வகுப்பில் தொடர்ந்து செய்வதைப் பார்த்து ஸ்கூலிலேயே போடும் மார்க். அந்த 20-ல் நோட்டும் செயல்பாடும் ஒழுங்காக இருக்கும் பிள்ளைக்கு முக்கால்வாசிக்கு மேல் வந்துவிடும். எழுத்துத் தேர்வும் ஓணத்துக்கு முன் நடத்திய ரெண்டு மூன்று பாடத்திலிருந்துதான். நேற்று நடத்தியதை நாளைக்குக் கேட்கிறோம். என்.எம்.எம்.எஸ்.ஸில் ஏழாம் வகுப்புப் புத்தகம் முழுக்கவும் எட்டாவதில் நடந்தவரையும் கலந்து கேட்கிறார்கள். போன வருஷம் படித்தது எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது ஓணப் பரீட்சையில் தெரிவதே இல்லை. கணக்கில் ஏ வாங்கிய பிள்ளையிடம் 3/8 பெரிதா 2/5 பெரிதா என்று கேட்டால் கீழே எட்டு இருக்கிறதே, அதுதான் பெரிது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். அந்த 20 கணக்கையும் வேறு தாளில் எழுதிக் கொடுங்கள், கூடவே இருக்கும் நாலு விடையை எழுத வேண்டாம். கடிகாரமும் வேண்டாம். எவ்வளவு நேரம் ஆனாலும் போடட்டும். பதினைந்து கணக்குக்குக் கிட்டத்தில் சரியாக வந்தால் வேகம்தான் குறை. ஏழு எட்டில் நின்றால் ஐந்து, ஆறாம் வகுப்பிலேயே எதையோ விட்டிருக்கிறாள், அங்கிருந்து பிடிக்க வேண்டும்.

முதலமடை அம்மா

டீச்சர் சொல்லாததை நான் சொல்கிறேன், பணத்தைப் பற்றி. என் பையன் எழுதி ஜெயித்தவன். வருஷத்துக்கு 12,000, ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை. ஜெயித்தால் தானாக வராது. ஒன்பதாவதில் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் பதிய வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், ஸ்கூலிலிருந்து அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். எங்களுக்கு ஒரு வருஷம் ஸ்கூலில் கடைசித் தேதியை விட்டுவிட்டார்கள், அந்த வருஷப் பணம் அவ்வளவுதான். நாலு தடவை போய் நின்றேன், "சர்வர் ஸ்லோ" என்ற ஒரே பதில்.

ஆதாரில் உள்ள பெயரும் பேங்க் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றா என்று இப்போதே பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னோரிடத்தில் பின்னால் இருக்கும், மூன்றாவது இடத்தில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். பிரைவேட் ஸ்கூலுக்கு மாற்றினால் உதவித்தொகை நின்றுவிடும். பத்தாவதில் 60 சதவீதம் இருந்தால்தான் பதினொன்றுக்கும் தொடரும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55.

மண்டிக்கணக்கு, வேலந்தாவளம்

டீச்சர், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னபடியே உட்கார வைத்தேன். கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். 13 சரி. தப்பிய ஏழில் ஐந்து, பின்னமும் சதவீதமும். 240-ல் 15 சதவீதம் கேட்டால் 240-ஐ 15-ஆல் வகுக்கிறாள்! பத்து சதவீதம் எவ்வளவு என்றேன், 24 என்று உடனே சொன்னாள். அதில் பாதி என்றேன், 12. ரெண்டையும் கூட்டு என்றதும், "இப்படி எல்லாம் போடலாமாப்பா?" என்று கேட்கிறாள். மண்டியில் கமிஷன் இப்படித்தான் போடுகிறோம் என்றேன். இப்போது ராத்திரி அன்றைய சிட்டையில் கமிஷன் கூட்டுவது அவள் வேலை. நான் நாளைக்குத் தப்பாக எழுதினால் முதலாளியிடம் திட்டு வாங்குவேன், அதனால் நானும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்.

மனைவி இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. ஏ மார்க்கில் பாதி சி.இ.யா என்று கேட்கிறாள். தேர்வு எந்த மொழியில் என்று யாரும் சொல்லவில்லையே?

எட்டாங்கிளாஸ் டீச்சர், சித்தூர் தாலூக்கா

100-ல் 20-தான் சி.இ., பாதி இல்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள். 13 வந்ததே, அது நல்ல செய்தி. வேகமும் குறை, பின்னமும் குறை. பின்னத்தை முதலில் பிடியுங்கள், வேகம் பின்னால் வரும். கைடிலிருந்து தினம் பத்து மனத்திறன் கேள்வியைப் பத்து நிமிடத்தில் போடச் சொல்லுங்கள். வராததை விட்டு அடுத்ததுக்குப் போகப் பழகட்டும். நல்ல பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் போவதுதான் கஷ்டம், ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்பார்கள்.

கேரளத்தில் தாள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் நாலிலும் உண்டு. விண்ணப்பத்தில் எது குறிக்கிறோமோ அதுதான் வரும். ஸ்கூலில் ஆன்லைனில் நிரப்பும்போது பக்கத்தில் நின்று தமிழ் என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வருமானச் சான்றிதழும் வேண்டும், வருஷ வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. அக்ஷயா இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அறிவிப்பு வந்தபிறகு போனால் வில்லேஜ் ஆபீசில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள்.