70 ஆயிரம் பட்ஜெட், கோயமுத்தூர், மொதல் ரோடு பைக் (சைக்கிள்தான்) – கடைல 56 சைஸ் எடுக்க சொல்றாங்க, எடுக்கலாமுங்களா?

சிங்காநல்லூர்_சைக்கிள்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. வயசு 41, உயரம் 165 செ.மீ., எடை 74 கிலோ. ரெண்டு வருசமா ஒரு ஹைப்ரிட் ஓட்டிட்டு இருக்கேன், முன்னாடி சஸ்பென்சன் வெச்ச வண்டி, தூக்குனா 14 கிலோ கிட்ட வரும். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல பேரூர் வழியா ஆலாந்துறை, சிறுவாணி ரோடுன்னு போக வர ஒரு 60 கி.மீ. ஓட்டுவேன், எப்பவாச்சும் வாளையார். கூட வர்ற பசங்க எல்லாம் ரோடு பைக்குக்கு மாறிட்டானுங்க, நான் மட்டும் பின்னாடி நாக்கு தள்ளிட்டு வர்றேன், டீக்கடைல நான் போய் சேர்றப்ப அவனுங்க ரெண்டாவது டீ குடிச்சிட்டு இருப்பானுங்க.

இந்த வருசம் 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறிச்ச நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கற தூர சைக்கிள் பயணம்) ஒண்ணாவது முடிக்கணும்னு ஆசை, வால்பாறை ஒரு தடவையாச்சும் மிதிச்சு ஏறணும், அவ்வளவுதான், ரேஸ் எல்லாம் நமக்கு ஆகாது.

போன வாரம் ஒரு கடைக்கு போனேன். ஷிமானோ 105 க்ரூப்செட் (கியர், பிரேக் சாமான் செட்) போட்ட போன மாடல் வண்டி ஒண்ணு நல்ல டிஸ்கவுன்ட்ல இருக்கு, ஆனா ஃப்ரேம் சைஸ் 56. ஏறி உக்காந்தா கை எட்டுற மாதிரியும் இருக்கு எட்டாத மாதிரியும் இருக்கு. கடைக்காரர் "ஸ்டெம் சின்னதா மாத்திக்கலாம் சார், நாலு ரைடு போனா பழகிரும்"ங்கறார். ஸ்டெம்னா ஹேண்டில ஃப்ரேமோட சேக்கற துண்டாம். இன்னொரு கடைல எனக்கு சரியான சைஸ்ல கிளாரிஸ் க்ரூப்செட் போட்ட அலுமினிய வண்டி இருக்கு, விலை பட்ஜெட்டுக்கு ரொம்ப கீழ. வீட்டுக்காரம்மா கிட்ட "ஒரே தடவைதான் வாங்குவேன்"னு சத்தியம் பண்ணிருக்கேன், அதனால தப்பா வாங்கிட கூடாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆடிக்காத்து:

அண்ணா, அந்த 56ஐ அப்படியே விட்டுட்டு வந்துருங்க. 105 என்ன, உச்ச க்ரூப்செட்டான டியூரா ஏஸே போட்டு குடுத்தாலும் வேண்டாம். 165 உயரத்துக்கு ரோடு பைக்ல 51, 52 பக்கம்தான் வரும், கம்பெனிக்கு கம்பெனி நம்பர் மாறும்ங்கறதால வெறும் நம்பர பாக்காம அந்த வண்டியோட ரீச் (ஃப்ரேம் முன்பக்கம் எவ்வளவு தூரம்), ஸ்டாக் (எவ்வளவு உயரம்) அளவ பாருங்க. ஸ்டெம்ம சின்னதாக்கி கொஞ்சம் கிட்ட கொண்டு வரலாம் உண்மைதான், அதுக்காக 56அ 52 ஆக்க முடியாது, ஹேண்டில் திருப்புறப்ப வண்டி படபடன்னு ஆடும், உங்க உடம்பு எடை விழுற எடமும் மாறிரும். 60 கி.மீ.ல ஒண்ணும் தெரியாதுங்க. 140வது கி.மீ.ல கழுத்தும் தோள்பட்டையும் பேச ஆரம்பிக்கும் பாருங்க, அப்ப கடைக்காரர் கூட இருக்க மாட்டார்.

க்ரூப்செட் விசயத்துக்கு வர்றேன். கிளாரிஸ் 8 ஸ்பீடு, சோரா 9, டியாக்ரா 10, 105 பழசு 11 புதுசு 12. மேல போகப் போக கியருக்கும் கியருக்கும் இடைவெளி கம்மி, கைக்கு மிருதுவா விழும், எடை கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான் வித்தியாசம். 8 ஸ்பீடு செயின் விலை கம்மி, நம்ம ஊர் புழுதிய தாங்கும், எந்த ஊர்லயும் கிடைக்கும். நான் மொத 300 கி.மீ. பி.ஆர்.எம்.ம கிளாரிஸ்லதான் முடிச்சேன், ஒரு நாள் கூட கியர் சரியில்லைன்னு நின்னதில்ல, தூக்கம் வந்துதான் நின்னேன்.

நீங்க கேக்க வேண்டியது பின்னாடி கேசட்ல (பின் சக்கரத்து பல்சக்கர அடுக்குல) பெருசுக்கு பல்லு எத்தனைங்கறத. முன்னாடி பெடல் பக்கம் காம்பாக்ட் 50/34, அதாவது 50 பல்லு ஒண்ணு, 34 பல்லு ஒண்ணு இருக்கும். வால்பாறை ரோட்டுல ஆழியார் தாண்டி 40 கொண்டை ஊசி, ஒன்பதாவதுல லோம்ஸ் வியூ கிட்ட எல்லாரும் போட்டோ எடுக்கறேன்னு சொல்லிட்டு மூச்சு வாங்குவாங்க. பின்னாடி 28 பல்லுதான்னா நிமிசத்துக்கு 60 சுத்து மிதிக்கறதுக்கே மணிக்கு 9 கி.மீ. சில்லறை வேகம் வேணும், அதுக்கு கீழ போனா முட்டிய போட்டு அமுக்கி அமுக்கித்தான் ஏறணும். அதே எடத்துல 34 பல்லு இருந்தா ஏழரை கி.மீ. வேகத்துலயே கால் சுகமா சுத்தும். அந்த ஒன்றரை கி.மீ. வித்தியாசம் படிக்க சின்னதா இருக்கும், முப்பதாவது வளைவுல கேளுங்க அதோட அருமைய.

200 பி.ஆர்.எம்.முக்கு டைம் பதிமூன்றரை மணி நேரம். டீ, டிபன், பஞ்சர், போட்டோ எல்லாத்தையும் சேத்து சராசரி 15 கூட வேண்டாம். வேகத்துல யாரும் தோக்கறதில்ல, உக்கார முடியாமத்தான் பாதில பஸ் ஏறுறாங்க. முன்னாடி பின்னாடி லைட், ஹெல்மெட், ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட் மறக்காதீங்க, அது இல்லாம ஸ்டார்ட்ல விடவே மாட்டாங்க.

கார்பன்_மச்சி:

ப்ரோ நான் மாத்து கருத்து சொல்றேன் திட்டாதீங்க. ஒரே தடவைதான் வாங்குவேன்னு சத்தியம் பண்ணிருக்கீங்கன்னா இன்னும் ஆறு மாசம் காசு சேத்து கார்பன் ஃப்ரேம் வண்டியாவே எடுத்துருங்க, இல்லன்னா செகண்ட் ஹேண்ட்ல பாருங்க. நான் சென்னைல அலுமினியத்துல ஆரம்பிச்சு ஒரே வருசத்துல கார்பன், 50 மி.மீ. டீப் ரிம்னு (பக்கவாட்டுல உசரமான ரிம்) மாறிட்டேன், ரெண்டு தடவை செலவு. ஈ.சி.ஆர்.ல விடியக்காலைல கோவளம் தாண்டி கூட்டமா போறப்ப அந்த வீல் போடற சத்தம் இருக்கே, அதுக்காகவே காசு குடுக்கலாம். எடை கம்மின்னா மலைலயும் லாபம்தான?

ஆடிக்காத்து:

மச்சி, சத்தத்துக்கு காசு குடுக்கறது உங்க இஷ்டம், நானும் அந்த சத்தத்துக்கு மயங்குனவன்தான் 😄 ஆனா அண்ணன் ஓட்டப் போறது பாலக்காட்டு கணவாய்க்கு நேர் எதிர்ல. ஆனில ஆரம்பிச்சு ஆவணி வரைக்கும் மேக்கால இருந்து அடிக்கற காத்து, ஆடிக் காத்துல அம்மி பறக்குதோ இல்லையோ 50 மி.மீ. ரிம் பறக்கும். கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி தெக்கால போற ரோடு, காத்து அப்படியே வலது பக்கம் விலாவுல குத்தும். தென்னந்தோப்பு இருக்கற வரைக்கும் மறைவு, தோப்பு முடிஞ்சு வெட்டவெளி வர்ற எடத்துல முன் வீல் ஒரு அடி தள்ளிப் போகும், பக்கத்துலயே லாரி. கெழக்கால பல்லடம், உடுமலைன்னு போனா போறப்ப ராஜா மாதிரி 35ல போவீங்க, திரும்பி வர்றப்ப 15 தாண்டாது. அந்தப் பக்கம் காத்தாடி அத்தனை சும்மாவா நட்டு வெச்சிருக்கான். வாளையார் பக்கம் இதுக்கு தலைகீழ், போறப்ப சாவீங்க, வர்றப்ப சும்மா உக்காந்திருந்தா வீடு வந்துரும். புதுசா ஓட்டறவங்களுக்கு இதுதான் நல்லது.

எடை கணக்கும் போட்டு பாருங்க. ஆளு 74, வண்டி 10, தண்ணி சாமான் ரெண்டு, மொத்தம் 86 கிலோ. கார்பன்ல ஒன்றரை கிலோ குறையுதுன்னு வெச்சாலும் ரெண்டு சதவீதம் கூட இல்ல, ஒரு மணி நேரம் ஏறுற மேட்டுல ஒரு நிமிசம் மிச்சமாகும். யூ.சி.ஐ. (உலக சைக்கிள் சங்கம்) ரேஸ்லயே 6.8 கிலோவுக்கு கீழ வண்டிய விட மாட்டான், நமக்கு என்ன அவசரம், ராத்திரி ரெண்டு பரோட்டா குறைச்சா அந்த எடை தானா வந்துரும். செகண்ட் ஹேண்ட் கார்பன் மட்டும் ஃப்ரேம் பாக்க தெரிஞ்ச ஆள் கூட இல்லாம எடுக்காதீங்க, பெயின்ட்டுக்கு கீழ இருக்கற கீறல் கண்ணுக்கு தெரியாது.

மலைப்பக்கம்:

ஆடிக்காத்து சொன்னதோட இதையும் சேத்துக்கறேன். நான் பொண்ணு, 158 செ.மீ., அதனால சைஸ் தப்பா வாங்கி பட்ட அவஸ்தை எனக்கு நல்லாவே தெரியும். எனக்கும் ஒருத்தர் "பழகிரும் மேடம்"னு சொல்லித்தான் வித்தாரு. எட்டு மாசம் பழகுச்சு, என் வலது கை சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போறதுக்கு.

மொதல்ல வீட்ல செருப்பில்லாம செவுத்துல முதுக ஒட்டி நின்னு, தொடைக்கு நடுவுல ஒரு தடி நோட்ட சீட் மாதிரி நல்லா மேல அழுத்தி, தரைல இருந்து நோட்டோட மேல்விளிம்பு வரைக்கும் அளந்துக்கோங்க. அத 0.883ஆல பெருக்குங்க, 76 செ.மீ. வந்தா 67. கிராங்க் (பெடல் மாட்டற கை) சுத்துற அச்சோட நடுவுல இருந்து சீட் மேல்பக்கம் வரைக்கும் அந்த அளவு, ஆரம்பிக்கறதுக்கு போதும். அப்பறம் உடம்பே சொல்லும். முட்டிக்கு முன்னாடி வலிச்சா பெரும்பாலும் சீட் தாழ இருக்கு, முட்டிக்கு பின்னாடி இழுத்தா உயரமா இருக்கு, கை மரத்தா ஹேண்டில் தூரம் இல்லன்னா சீட் மூக்கு கீழ சாஞ்சிருக்கு. ஒரு தடவைக்கு மூணு நாலு மி.மீ.தான் மாத்தணும், ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்துனா எது சரியாச்சு எது கெட்டுச்சுன்னே தெரியாது.

சீட் பத்தி: மெத்து மெத்துன்னு இருக்கற ஜெல் சீட்ட பாத்து ஏமாறாதீங்க. அது அரை மணி நேரத்துக்கு சொர்க்கம், அதுக்கப்பறம் எலும்பு உள்ள அமுங்கி நடுவுல இருக்கற நரம்புக்குத்தான் அழுத்தம் போகும். உங்க உக்கார்ற எலும்போட அகலத்துக்கு சரியா இருக்கற கெட்டியான சீட்தான் தூரத்துக்கு நல்லது. மிச்சமாகற காசுல நல்ல பேட் வெச்ச பிப் (தோள் பட்டி வெச்ச) ஷார்ட்ஸ் ஒண்ணு வாங்கிடுங்க. வெக்கப்படாம சொல்றேன், அதுக்குள்ள ஜட்டி போடக் கூடாது! நாலு மாசம் போட்டுட்டு "என்னங்க உரசி உரசி புண்ணாகுது"ன்னு எங்க குரூப்ல ஒரு அண்ணன் கேட்டாரு, யாருமே பதில் சொல்ல முடியாம சிரிச்சிட்டு இருந்தோம்.

க்ளிப்லெஸ் பெடல் (ஷூவ பெடல்ல பூட்டிக்கறது) இப்ப வேண்டாம்னுதான் சொல்வேன். வாங்குனீங்கன்னா மொதல்ல புல்லு இருக்கற எடத்துல பழகுங்க. நான் லாலி ரோடு சிக்னல்ல கால் கழட்ட மறந்து அப்படியே மரம் மாதிரி சாஞ்சேன், பக்கத்துல ஸ்கூட்டில இருந்த பாட்டி "ஏஞ்சாமி, தலை சுத்துதா?"ன்னு கேட்டுச்சு.

கருவேலமுள்:

பல்லடம் பக்கம் ஆளு. எல்லாரும் வண்டிய பத்தி பேசிட்டீங்க, டயர பத்தி யாரும் மூச்சு விடல. வாங்கற வண்டில 28 இல்லன்னா 32 மி.மீ. அகல டயர் உள்ள போகுமான்னு கேட்டு வாங்குங்கண்ணா. 23ல 120 பி.எஸ்.ஐ. அடிச்சாத்தான் வேகம்னு சொன்னதெல்லாம் அந்தக் காலம். நம்ம பேட்ச் ஒர்க் ரோட்டுல கல்லு மாதிரி இருக்கற டயர் குதிக்கும், குதிச்சா வேகம்தான் போகும், கையும் போகும். உங்க எடைக்கு 28ல 75 பக்கம் வெச்சு பாருங்க, சரியா இருக்கும்.

அப்பறம் வால்வு. ரோடு பைக்ல ஊசி மாதிரி பிரெஸ்டா வால்வுதான் வரும், நம்மூர் பஞ்சர் கடை பம்பு அதுல நிக்காது. பித்தளைல சின்னதா ஒரு அடாப்டர் விக்கறான், சில்லறைக் காசுதான், அத வால்விலயே மாட்டி வெச்சுட்டா எந்த கடைலயும் காத்து அடிக்கலாம். நான் அது இல்லாம ஒரு தடவை காமநாயக்கன்பாளையத்துல இருந்து வீடு வரைக்கும் உருட்டிட்டு வந்தேன், அதுக்கப்பறம் பர்ஸ்ல ஒண்ணு பைல ஒண்ணு.

ரெண்டு ட்யூப், டயர் கழட்டற லிவர், சின்ன பம்பு, ஆலன் கீ இல்லாம தெருவ தாண்டாதீங்க. சீமைக் கருவேல முள்ளு குத்துனா ட்யூப மாத்தறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் கைய மெதுவா ஓட்டி முள்ளு நுனிய தேடி எடுங்க, இல்லன்னா புது ட்யூபும் பத்தே நிமிசத்துல போயிரும். டயரே கிழிஞ்சுருச்சுன்னா பத்து ரூபா நோட்ட நாலா மடிச்சு உள்ள வெச்சுட்டு கொஞ்சமா காத்தடிச்சா வீடு வந்து சேரலாம்.

சிங்காநல்லூர்_சைக்கிள்:

மூணு வாரம் கழிச்சு வர்றேனுங்க. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த 56ஐ விட்டுட்டேன், கடைக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணாரு. கிளாரிஸ் வண்டியே எடுத்துட்டேன், சைஸ் 52, பின்னாடி 34 பல்லு, 28 டயர், டிஸ்க் பிரேக். உள்கால் அளந்தா 76தான் வந்துச்சு, மேடம் கண்ணாலயே அளந்து சொன்ன மாதிரியே. மீதி காசுல ஷார்ட்ஸ், லைட், ஹெல்மெட், அப்பறம் பித்தளை அடாப்டர் மூணு.

நேத்து பொள்ளாச்சி போய் எளநி குடிச்சிட்டு வந்தேன், 90 கி.மீ. கிட்ட, பசங்க கூடவே போய் சேர்ந்தேன், மொத டீயே சூடா கிடைச்சுது. ஆனா ஒண்ணு, மேடு வந்து அமுக்கி மிதிச்சா கீழ இருந்து "கட்டக் கட்டக்"னு ஒரு சத்தம். பசங்க பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுத்துற எடம்) போச்சுன்னு பயமுறுத்தறானுங்க. புது வண்டில அதுக்குள்ள போகுமுங்களா?

கருவேலமுள்:

போகாதுண்ணா, பயப்படாதீங்க. எந்திரிச்சு நின்னு மிதிச்சு பாருங்க, சத்தம் நின்னுச்சுன்னா சீட் போஸ்ட்தான், வெளிய உருவி துடைச்சு லேசா கிரீஸ் தடவி அதே உயரத்துக்கு மாட்டுங்க, அளவ மொதல்லயே டேப் ஒட்டி குறிச்சுக்கோங்க. நின்னு மிதிச்சும் வந்தா பெடல கழட்டி மரைல கிரீஸ் போட்டு இறுக்குங்க. இடது பக்க பெடல் எதிர் மரை, மத்ததுக்கு மாதிரி திருப்பி கழட்டறேன்னு இறுக்கி வெச்சுடாதீங்க. அதுக்கும் அடங்கலைன்னா வந்து சொல்லுங்க, பாட்டில் கேஜ் ஸ்க்ரூ, வீல் ஆக்ஸில்னு இன்னும் ரெண்டு மூணு எடம் இருக்கு பாக்க.