டேடோனா ஆர்கா முதல் றேஸ்: புது ஆக்கள் எங்க பிழை விடுறாங்க?

கல்லடி நிலா:
பெப்ரவரியில அமெரிக்காவில டேடோனாவில நடக்கிற ஆர்கா (நாஸ்கார் எண்ட கார் றேஸ் அமைப்பின்ட கீழ்மட்டத் தொடர்) சீசன் முதல் றேசைக் கூட்டாளிமாரோட இருந்து பார்க்கப் போறம். முதல் தரம் ஓடுறவங்களையும் பெண் ஓட்டுநர்களையும் அதிலதான் கூடக் காணலாம் எண்டு சொல்றாங்க. ஏன் அப்பிடி? ஒரு புது ஆள் சரியா ஓடுறாரா எண்டு எதை வச்சுப் பார்க்கிறது? இங்க இலங்கையில எத்தனை மணிக்கு வரும்?

கல்முனை கராஜ்:
தங்கச்சி, முதல்ல நேரம். பெப்ரவரியில டேடோனா இருக்கிற புளோரிடா நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால. அங்க பகல் 12 எண்டா இங்க இரவு 10.30. அடுத்த நாள் நாஸ்காரின்ட பெரிய றேசான டேடோனா 500 அங்க பிற்பகல் 2.30க்குத் தொடங்கினா நமக்குத் திங்கள் விடியப்புறம் 1 மணி.

ஆர்கா றேஸ் 80 சுற்று, 200 மைல். ஒரு சுற்று 2.5 மைல். வளைவுகள் 31 பாகை சரிவு, அதனால அக்சிலரேற்றரில இருந்து காலை எடுக்காமலே சுத்தலாம். கனபேர் ஒரே மாதிரி இல்மோர் 396 எஞ்சின்தான் பாவிக்கிறாங்க. தனிய வேகமா ஓடுறதில ஒண்டும் தெரியாது, கூட்டத்துக்குள்ள காத்தை எப்பிடிப் பாவிக்கிறார் எண்டதைப் பாருங்க. முன் கார் காத்தைப் பிளக்கும், பின்னால ஒட்டி வாற காருக்கு எதிர்க்காத்து குறையும், முன் காருக்கும் பின்னிழுவை குறையும். அதனால ரெண்டு கார் சேர்ந்தா தனிக்காரை விட வேகம். முந்தப் பார்த்து வரிசையை விட்டு வெளிய வந்தவருக்குப் பின்னால ஒருத்தரும் வராட்டி அவர் மளமளவெண்டு பின்னுக்குப் போவார். புது ஆக்கள் கூட விடுற பிழை இதுதான். அவங்களை நம்பிப் பின்னால வர மற்றவங்க யோசிக்கிறதும் ஒரு காரணம்.

அடுத்தது தள்ளுறது. நேர் றோட்டில பம்பருக்கு நடுவில பம்பரை வச்சு மெதுவாத் தள்ளினா பிரச்சினை இல்ல. அதையே வளைவில, மூலையில தட்டினா முன் காரின்ட பின் டயர் பிடியை விடும், கார் சுழலும். இனி, மூக்கு ஒட்டியே ஓடினா றேடியேற்றருக்குக் குளிர்காத்து கிடைக்காது, தண்ணி கொதிக்கும். விசயம் தெரிஞ்சவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா அரைக் கார் அகலம் பக்கத்தில விலத்திக் காத்து வாங்குவார். கமராவில இது வடிவாத் தெரியும்.

ஏறாவூர் வாசகன்:
கராஜ் நானா சொன்னதோட பிட்டையும் (டயர் மாத்த, எண்ணெய் அடிக்க நிப்பாட்டுற இடம்) பாருங்க. இந்தக் கார்களில வேகமானி இல்ல. எஞ்சின் சுழற்சியைப் பார்த்துத்தான் பிட் வேக எல்லைக்குள்ள வரோணும். பிந்திப் பிறேக் அடிச்சா டயர் பூட்டி ஒரு பக்கம் தட்டையாத் தேயும், பிறகு கார் நடுங்கும். வேகம் கூடினா தண்டனை.

அக்கரைப்பற்று சுற்று:
பெண் ஓட்டுநர்கள் பற்றி. 1977 டேடோனா 500இல ஜேனட் கத்ரி 12ஆம் இடம். இதே ஆர்கா றேசில 1999இல ஷோனா ரொபின்சனும் 2020இல ஹெய்லி டீகனும் 2ஆம் இடம். டானிகா பட்ரிக் 2010இல தன்ட முதல் ஸ்டொக் கார் (சாதாரண கார் வடிவில உள்ள றேஸ் கார்) றேசை இங்கதான் ஓடினவ. இடையில புல்லுக்குள்ள சுழன்டும் காரை அடிபடாமக் காப்பாத்தி 6ஆம் இடம் வந்தவ. அந்த மீட்பை நான் பெரிசா மதிக்கிறன், கையும் தலையும் ஒண்டா வேலை செய்தாத்தான் அது நடக்கும். 2013 டேடோனா 500இல முதலிடத்தில இருந்து தொடங்கி 8ஆவதா முடிச்சா.

புது ஆக்கள் ஏன் இங்க வாறாங்க எண்டா, நாஸ்கார் பெரிய பாதைக்கு உடன அனுமதி குடுக்காது. வயசு 18 ஆகோணும், சின்னப் பாதையில ஓடிக் காட்டவும் வேணும். ஆர்கா அந்த ஏணியின்ட கீழ்ப்படி. 2023இல நடிகர் பிராங்கி முனிஸ் இங்க வந்து 11ஆம் இடம் எடுத்தார்.

கல்லடி நிலா:
நன்றி நானா, எல்லாருக்கும். கடைசிச் சுற்றுகளில எந்த வரிசையைப் பார்க்கிறது?

கல்முனை கராஜ்:
ரெண்டாவதா ஓடுறவரைப் பாருங்க, பின்னால தள்ள ஆள் இருக்கா எண்டும் பாருங்க. ஆள் இல்லாட்டி அவரால முந்த ஏலாது. உள்பக்க இரட்டை மஞ்சள் கோட்டுக்குக் கீழ இறங்கி முந்தினா அந்த இடம் செல்லாது, தண்டனையும் வரும்.